தையல் பழகின ஆக்களின்ர மெசின் சும்மா நிக்குது. இந்தமுறை என்ன பயிற்சி கேக்கலாம்?

வரணி_வாணி:

வணக்கம். எங்கட மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒரு தொண்டு நிறுவனம் 6 மாதத் தையல் பயிற்சி தர வந்திருக்கு. 14 பெண்கள் பழகலாம், முடிவில ஆளுக்கொரு மெசின். அரைவாசிப் பேர் தனிய நிண்டு குடும்பத்தைக் கொண்டு நடத்திற ஆக்கள். வயல்வேலை, வெங்காயம் பிடுங்கிறது எண்டு கூலிக்குப் போய்த்தான் சீவியம்.

இதே மாதிரி ஒரு பயிற்சி முந்தியும் நடந்தது. அப்ப குடுத்த மெசின்களில கனக்க இப்ப துணி போட்டு மூடிக் கிடக்கு. அதால ஓமெண்டு சொல்லத் தயக்கமா இருக்கு. பனை இருக்கிற ஊர், மிளகாயும் போடுறம். உணவு பதனிடல் பயிற்சி கேட்டால் நல்லமோ? பயிற்சி வகையை மாத்தலாம், மாத முடிவுக்குள்ள சொல்லுங்கோ எண்டு நிறுவனம் சொல்லுது. இந்த வேலையள் தெரிஞ்ச ஆக்கள் விவரமாச் சொல்லுங்கோ.

ஊசிமுனை:

வாணி, மெசின் சும்மா நிக்கிறதுக்குப் பெண்களைக் குறை சொல்ல ஏலாது. பிழை பயிற்சியின்ர அமைப்பில. 6 மாதத்தில குழந்தைச் சட்டை, பாவாடை, நைற்றி, பிளவுஸ் எண்டு எல்லாத்திலயும் ஒண்டு ரெண்டு தைப்பிச்சு, கொப்பியில மாதிரி ஒட்டி, கண்காட்சி வைச்சு முடிச்சுப்போடுவினம். ஒரே உடுப்பை 30, 40 தரம் தைச்சால்தான் கைக்கு வேகம் வரும். வேகமில்லாத தையலில கூலி கட்டாது. கட்டாத வேலையை விட்டிட்டு ஆக்கள் திரும்ப வெங்காயத்துக்குப் போறது நியாயம்தானே.

நைற்றி, குழந்தைச் சட்டை ரெண்டும் கடையில ஆயத்தமா வாறது துணி விலைக்கே கிடைக்குது. அதோட போட்டிக்குப் போக வேண்டாம். ஊரில இருந்துகொண்டு காசு பாக்கக்கூடியது சாறி பிளவுஸ், பாடசாலைச் சீருடை, பிறகு திருத்த வேலை: சிறுப்பிக்கிறது, பெருப்பிக்கிறது, சிப் மாத்திறது, சாறிக்கு ஃபோல்ஸ் அடிக்கிறது. திருத்த வேலையைப் பயிற்சியில ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறேல்லை. ஆனால் வருசம் முழுக்க வாற வேலை அதுதான். மற்ற ரெண்டுக்கும் காலம் இருக்கு. சீருடை பாடசாலை ஆண்டு தொடங்க முன்னம். பிளவுஸ் யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்கும் கலியாண மாதங்களுக்கும். ஆடியிலயும் மார்கழியிலயும் கலியாண வேலை படுத்துவிடும்.

பிளவுஸ் திரும்பி வாறது பெரும்பாலும் கைக்குழியால. பிளவுஸ் கைத்துணியின்ர மேல் வளைவை அளந்தால் கைக்குழிச் சுற்றளவை விட அரை முதல் ஒரு அங்குலம் வரை கூட இருக்க வேணும். அதுக்குக் குறைஞ்சால் கையைத் தூக்கேக்க இழுக்கும், கூடினால் தோளில சுருக்கம் விழும். லைனிங் துணியை வெட்ட முன்னம் ஒரு இரவு தண்ணியில ஊறவிட்டு, காயவைச்சு, அயன் பண்ணுங்கோ. பருத்தி லைனிங் முதல் தோய்ச்சலிலயே சுருங்கும், மேல்துணி பொலியெஸ்டர் எண்டால் அது சுருங்காது. பிறகு பிளவுஸ் முழுக்கச் சுருக்கு விழுந்து நிக்கும். பக்கத் தையலில ஒவ்வொரு பக்கமும் 1 அங்குலம் உள்ளுக்கு விட்டு வைச்சால் உடம்பு வைச்சாலும் பிரிச்சு அடிக்கலாம், வாடிக்கையாளர் உங்களிட்டயே வருவா. சீருடைக்குக் கீழ்மடிப்பு 3 அங்குலமாவது விடுங்கோ, பிள்ளை வளரும். பெட்டி மடிப்புப் பாவாடைக்கு இடுப்பளவின்ர மூண்டு மடங்கு துணி வேணும். துணியை மிச்சம் பிடிக்க வெளிக்கிட்டால் மடிப்பு விரிஞ்சுபோகும்.

என்ன மெசின் தரப்போகினம் எண்டு இப்பவே கேளுங்கோ. வீட்டுக் கால்மெசினுக்குப் போடுற ஊசியின்ர தண்டு ஒரு பக்கம் தட்டை, தொழிற்சாலை ஒற்றையூசி மெசினின்ர ஊசி முழு உருளை. ஒண்டுக்குரியது மற்றதுக்குச் சரிவராது. ஊசி வாங்கத் தெரியாமலே சில மெசின் நிண்டிருக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு பிளவுஸ் தைக்கிறவைக்குக் கால்மெசின் காணும். சீருடையைத் தொகையா எடுத்தால் தொழிற்சாலை மெசின் வேணும், அதுவும் சேர்வோ மோட்டரோட. பழைய கிளச் மோட்டர் நீங்கள் தைக்காமல் இருக்கிற நேரமும் சுத்திக்கொண்டே இருக்கும், சேர்வோ மிதிக்கேக்க மட்டும்தான் ஓடும். மின்கட்டணத்தில வித்தியாசம் தெரியும்.

14 மெசின் வாங்கிற காசில ரெண்டைக் குறைச்சு துணி ஓரம் அடிக்கிற ஒரு மூண்டுநூல் ஓவர்லொக் மெசின் கேளுங்கோ. ஓரம் அடிக்காத உடுப்பு நாலு தோய்ச்சலில நூல் நூலாக் கழரும். கடைத் தையலுக்கும் வீட்டுத் தையலுக்கும் சனம் காணுற வித்தியாசமே அந்த ஓரம்தான்.

தையல் விட்டு விட்டு விழுந்தால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். முதல் ஊசியை மாத்துங்கோ. ஊசி முழுசா மேல ஏறியிருக்கோ, பள்ளம் சரியான பக்கம் பாக்குதோ எண்டு பாருங்கோ. பிறகு நூல் போற வழி. பிறகு பொபின் கேஸுக்குள்ள தூசி. நூல் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற இழுவை ஆணியைக் கடைசியாத் தொடுங்கோ, எடுத்தவுடன அதைத் திருகினால் வேற ஒண்டும் பிடிபடாது. மெல்லிய துணிக்கு 11, சாதாரண பருத்திக்கு 14, தடிப்புக்கு 16 ஆம் இலக்க ஊசி. பருத்திக்குத் தையல் நீளம் 2.5 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 10 தையல் வரும். தேங்காயெண்ணெய் மட்டும் விடாதேங்கோ. அது காய்ஞ்சு பசையாகி உள்பாகம் இறுகும். மூடிக் கிடக்கிற உங்கட பழைய மெசின்களில சிலதுக்கு அதுதான் வருத்தமா இருக்கும். மண்ணெண்ணெயால கழுவி, துடைச்சு, தையல் மெசின் எண்ணெய் விட்டால் ஓடும். புதுசு கேக்க முன்னம் அதுகளைப் பாருங்கோ.

பனங்கூடல்:

ஊசிமுனை சொன்னதை நான் மறுக்கேல்லை. ஆனால் ஒரே ஊரில 14 தையல்காரியள் எண்டால் ஆருக்குத் தைக்கிறது? சந்தை ஊருக்குள்ளயே முடிஞ்சுபோற தொழில் அது. ஒடியல் (காயவைச்ச பனங்கிழங்கு), கறித்தூள் அப்பிடியில்லை, கொழும்புக்கும் போகும், வெளிநாட்டுக்குப் போறவையின்ர பொதியிலயும் போகும். அதால ஆக்களைப் பிரியுங்கோ.

பனையை எடுத்தால் காலக்கணக்கு முக்கியம். பழம் விழுற ஆவணி, புரட்டாதியில விதை பொறுக்கிப் பாத்தி போட்டால் தை, மாசியில கிழங்கு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை, அந்த மூண்டு மாதமும் வெயிலை நம்பி ஒண்டும் காயவைக்க ஏலாது. கிழங்கு வாறது மழை விட்ட பிறகு, அது எங்களுக்கு வாய்ப்பான விசயம். ஆனால் கிண்டின அண்டைக்கோ அடுத்த நாளோ தோல் உரிச்சுக் கிழிச்சுப் போட வேணும். வைச்சிருந்தால் நார் கூடும், நிறம் கறுக்கும். பச்சையாக் கிழிச்சுக் காயவைச்சால் ஒடியல், அவிச்சுக் காயவைச்சால் புழுக்கொடியல். மாவுக்கு ஒடியல்தான். புழுக்கொடியல் அப்பிடியே கடிச்சுத் தின்ன விக்கலாம், சின்னப் பைக்கற்றில போட்டால் வேகமாப் போகும்.

நிலத்தில பாய் விரிச்சுக் காயவைச்சால் மணல் ஏறும். மாவில ஒரு கடி மணல் பட்டால் அந்த வாடிக்கையாளர் பிறகு வரமாட்டார். இடுப்பளவு உயரத்தில தட்டி கட்டி, நைலோன் வலை விரிச்சு, ஒரே அடுக்காப் பரவி, மேலயும் வலை மூடுங்கோ. பின்னேரம் அள்ளி உள்ள வையுங்கோ, இரவுப் பனி பகல் காய்ச்சலைப் பாழாக்கும். முறிச்சால் சடக்கெண்டு முறிய வேணும், வளைஞ்சால் ஈரம் இருக்கு. காய்ஞ்ச ஒடியலுக்கு வண்டுதான் எதிரி. காத்துப் போகாத மூடியுள்ள வாளியில போட்டு, மாதம் ஒருக்கால் வெயில் காட்டுங்கோ. மாவாக்கி வைக்கிறதை விட ஒடியலா வைச்சு, ஓடருக்கு ஏற்ற மாதிரி அரைக்கிறது புத்தி. ஒடியல் மாவில கசப்பு இருக்கு எண்டது எங்கட ஆக்களுக்குத் தெரியும், தண்ணியில கரைச்சு அடையவிட்டு மேல்தண்ணியை ஊத்திப்போட்டுத்தான் பிட்டு அவிப்பம். வேற ஊரில வாங்கிறவைக்குத் தெரியாது. அதைப் பைக்கற்றில எழுதுங்கோ, இல்லாட்டி மா பழுதெண்டு திருப்பி அனுப்புவினம்.

கறித்தூள் பருவம் பாக்காத வேலை. செத்தல் மிளகாய் 1 கிலோ, மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் 200 கிராம், மிளகு 200 கிராம், நற்சீரகம் 100 கிராம், வெந்தயம் 50 கிராம், மஞ்சள் 50 கிராம், ரெண்டு பிடி கறிவேப்பிலை. இதை ஒரு தொடக்கமா வைச்சு உங்கட ஊர் வாய்க்குத் திருத்துங்கோ. திருத்தி முடிஞ்ச பிறகு ஒவ்வொரு முறையும் நிறுத்துத்தான் போட வேணும். கைக்கணக்கு வீட்டுக்குச் சரி, விக்கிறதுக்கு ஒவ்வொரு தொகுதியும் ஒரே ருசியா இருக்க வேணும். ஒவ்வொண்டையும் தனித்தனியா வறுக்கிறது ஏனெண்டால் வெந்தயமும் சீரகமும் நொடியில கருகும், மல்லிக்கு நேரம் வேணும். கருகின வெந்தயம் ஒரு கரண்டி போதும், முழுத்தூளும் கசக்கும்.

தூள் பழுதாகிறது அனேகமா ரெண்டு இடத்தில. ஒண்டு மிளகாய். குலுக்கினால் விதை சலசலக்க வேணும், காம்பு முறிய வேணும். பூஞ்சணம் பிடிச்ச மிளகாயை வறுத்து மறைக்க நினைக்க வேண்டாம், அதில உண்டாகிற அஃப்லாடொக்சின் எண்ட நஞ்சு வறுத்தாலும் முழுசாப் போகாது, ஈரலைத் தாக்கும். தெரிஞ்செடுத்து எறியுங்கோ. மற்றது பொதி செய்யிற நேரம். மில்லில இருந்து வாற தூள் சூடா இருக்கும். சூட்டோட பைக்குள்ள போட்டு ஒட்டினால் உள்ள வேர்த்து, கட்டி பட்டு, பூஞ்சணம் வரும். தட்டில பரவி நல்லா ஆறவிட்டுப் போடுங்கோ. சும்மா மெல்லிய பொலித்தீனில மணம் நிக்காது, பல படலம் சேர்த்து ஒட்டின அடுக்குப் பை வாங்குங்கோ. ஒட்டுற இடத்தில தூள் படாமல் துணியால துடையுங்கோ, ஒரு துகள் நிண்டாலும் அதால காத்துப் போகும். ஒவ்வொரு தொகுதியிலயும் ரெண்டு பையைத் தண்ணிக்குள்ள அமத்திப் பாருங்கோ, குமிழி வந்தால் ஒட்டு சரியில்லை.

பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவை முடிவில கூப்பிடாதேங்கோ, கொட்டில் போட முன்னம் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கோ. சீமெந்துத் தரை, வலை அடிச்ச யன்னல், கழுவுற தண்ணி, கோழி நாய் வராத வேலி, வேலை செய்யிற ஆக்களுக்கு மருத்துவச் சான்றிதழ் எண்டு அவர் கேக்கிறதெல்லாம் கட்டின பிறகு திருத்தினால் ரெட்டைச் செலவு. வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில, உரிமம் பிரதேச சபையில. பைக்கற்றில ஒட்டுற சிட்டையில பொருளின்ர பெயர், தேறிய நிறை, கூடின அளவில இருந்து குறைஞ்சது வரை சேர்மானங்கள், பெயர் முகவரி, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை எல்லாம் வேணும். மூண்டு மொழியிலயும் அடிச்சால் தென்னிலங்கைக் கடைக்கும் போகும். தராசுக்கு அளவீட்டுத் திணைக்களத்தின்ர முத்திரை இருக்க வேணும் எண்டதைக் கனபேர் மறந்துபோகினம். பனை சம்பந்தமா என்ன கேள்வி இருந்தாலும் கைதடியில பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, உங்களுக்குத் தூரமுமில்லை.

வரணி_வாணி:

ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. பழைய மெசின்களை இந்தக் கிழமையே திறந்து பாக்கச் சொல்லியிருக்கிறன். எங்கட உறுப்பினர் ஒராள், முந்தின பயிற்சியில பழகினவா, பிளவுஸ் ஒண்டுக்கு 500 ரூபா வாங்கிறா. மிச்சமில்லை எண்டு சொல்லுறா. ஓவர்லொக் வாங்க ஒரு நுண்கடன் நிறுவனத்தில ஒரு இலட்சம் எடுக்கவும் யோசிக்கிறா, மாதம் 2 வீதம்தானாம். எடுக்கலாமோ?

கைக்கணக்கு:

அவசரப்பட வேண்டாம் என்று அவரிடம் இன்றே சொல்லுங்கள். முதலில் 500 ரூபாவைப் பார்ப்போம். கீழே உள்ளவை உதாரண விலைகள், உங்கள் கடை விலையை மாற்றிப் போடுங்கள். ஒரு பிளவுஸுக்கு நூல் 30, கொக்கி 20, மின்சாரம் 10. மெசின் 90,000 ரூபா, 5 வருடம் ஓடும், வருடத்துக்கு 250 நாள் வேலை என்றால் நாளொன்றுக்கு 72 ரூபா தேய்மானம். நாளுக்கு 3 பிளவுஸ் தைத்தால் ஒன்றுக்கு 24. இதுவரை 84 ரூபா. வெட்டித் தைத்துக் கொக்கி கட்டி முடிக்க இரண்டரை மணித்தியாலம், மணிக்கு 250 ரூபா கூலி போட்டால் 625. மொத்தம் 709. அவர் 500 வாங்கினால் கையில் நிற்பது 416, அதாவது மணிக்கு 166 ரூபா. மிச்சமில்லை என்று அவர் சொல்வது சரிதான். தன் உழைப்புக்கு விலை போடாமல் விட்டிருக்கிறார், பல பெண்கள் இப்படித்தான் நட்டப்படுகிறார்கள். விலையை ஒரேயடியாக ஏற்றினால் வாடிக்கை உடையும். லைனிங் பிளவுஸுக்கும் சாதாரண பிளவுஸுக்கும் முதலில் விலையைப் பிரிக்கட்டும், அவசர வேலைக்குத் தனி விலை சொல்லட்டும்.

இனிக் கடன். ‘மாதம் 2 வீதம்’ என்பது பெரும்பாலும் நிலையான வட்டி. ஒரு இலட்சத்துக்கு 12 மாத வட்டி 24,000, ஆக மாதம் 10,333 கட்ட வேண்டும். அவர் முதலை ஒவ்வொரு மாதமும் கட்டிக் குறைத்துக்கொண்டே வர, வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் கணக்கிடப்படுகிறது. குறைந்து செல்லும் நிலுவையின் மேல் கணக்கிட்டால் உண்மை வட்டி வருடத்துக்கு 42 வீதமளவில் வரும். 24 அல்ல. பிளவுஸுக்கு 625 ரூபா கூலி கிடைக்கிறது என்றே வைத்தாலும், மாதம் 17 பிளவுஸின் கூலி தவணைக்கு மட்டும் போகும். மழை மாதத்தில் வேலை படுத்தால் தவணை படுக்காது. அதைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பார்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு 2018 இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்ததை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழுக்கடன் என்றால் ஒருவர் கட்டாதபோது மற்றவர்கள் கட்ட வேண்டும், ஊருக்குள் முகம் முறியும்.

ஓவர்லொக்கைச் சங்கத்தின் சொத்தாக எடுங்கள். உடுப்புக்கு 30 ரூபா வாங்கினால் 3,334 உடுப்பில் ஒரு இலட்சமும் திரும்பும். 8 பேர் கிழமைக்குப் பத்துப் பத்தாகக் கொண்டுவந்தால் 42 கிழமை. கடன் எடுத்தே ஆகவேண்டிய இடத்தில் சமுர்த்தி வங்கி, சனச (சிக்கன, கடனுதவிக் கூட்டுறவு), கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றில் கேட்டு, ‘குறைந்து செல்லும் மீதிக்கா வட்டி?’ என்ற ஒரு கேள்வியை எழுத்தில் பதில் தரச் சொல்லுங்கள்.

தூள் விற்பவர்களுக்கும் ஒன்று. கடைக்காரர் விற்பனை விலையில் 20 வீதம் கழிவு கேட்டால், உங்களுக்கு 400 வரவேண்டிய பொதிக்கு 480 அல்ல, 500 போட வேண்டும். 480 இல் 20 வீதம் கழித்தால் 384 தான் மிஞ்சும். கடைகள் விற்ற பிறகே காசு தரும், அதனால் ஒரு தொகுதி கடையில் இருக்கும்போது அடுத்த தொகுதிக்கு மிளகாய் வாங்கக் கையில் முதல் வேண்டும். சுழற்சி முதலுக்கும் நிறுவனத்திடம் உதவி கேளுங்கள், மெசினும் சாமானும் மட்டும் தந்தால் மூன்றாவது தொகுதியில் நின்றுவிடும்.

வருமானம் அவரவர் பெயரிலுள்ள கணக்கிலேயே விழ வேண்டும். மெசின் யார் பெயரில் என்பதையும் கையளிக்கும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பயிற்றுநர்_தென்மராட்சி:

சான்றிதழைப் பற்றி ஒருவரும் சொல்லேல்லை. பயிற்சி தாற நிலையம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிஞ்சிருக்கோ, அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கோ எண்டு பாருங்கோ. இல்லாட்டி முடிவில வாறது சட்டம் போட்டுச் சுவரில மாட்டுற கடதாசிதான். தேசிய தொழிற்தகைமை, நாங்கள் என்.வி.கியூ. எண்டு சொல்லுறது, 7 மட்டம். கைத்தொழிலுக்கு 3 ஆம், 4 ஆம் மட்டம் உதவும். ஏற்கனவே தைக்கத் தெரிஞ்ச உறுப்பினர்கள் திரும்ப 6 மாதம் இருக்கத் தேவையில்லை. முன்கற்றல் அங்கீகாரம் எண்ட வழியால வேலையைச் செய்து காட்டி எடுக்கலாம், தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில விசாரியுங்கோ. தைச்ச உடுப்புகளின்ர படம், பற்றுச்சீட்டு, அளவுக் கொப்பி, வாடிக்கையாளர் கடிதம், கிராம அலுவலரின்ர கடிதம் எல்லாத்தையும் ஒரு கோவையில போட்டு வையுங்கோ.

நேரம் இன்னும் முக்கியம். முழுநாள் வகுப்பெண்டால் கூலிக்குப் போறவை ரெண்டாம் கிழமையே நிப்பினம். பள்ளிக்கூடம் 1.30க்கு விடும். அதால காலை 9 தொடக்கம் 12.30 வரை, கிழமைக்கு 4 நாள் கேளுங்கோ. முன்பள்ளிக்கும் போகாத சின்னன்களைப் பாக்க அதே மண்டபத்தில ஒராளைச் சம்பளத்துக்கு வையுங்கோ, அந்தச் செலவைத் திட்டத்திலயே போடச் சொல்லுங்கோ. காலபோக (மழைக்கால நெல்) விதைப்பும் தை, மாசி அரிவுவெட்டும் இல்லாத மாதங்களாத் தெரியுங்கோ. நாட்கூலியின்ர ஒரு பங்காவது படியாக் கிடைக்காட்டி ஆகக் கஷ்டப்பட்டவைதான் முதல் விலகுவினம். அவைக்குத்தான் இந்தப் பயிற்சி தேவை.

வரணி_வாணி:

நாளைக்குக் கூட்டம் வைக்கிறம். 8 பேர் தையல், 6 பேர் கறித்தூளும் ஒடியலும் எண்டு பிரிக்கலாம் எண்டு நினைக்கிறன். நிறுவனத்துக்கு எழுதேக்க என்னத்தை முதல் கேக்கிறது?

ஊசிமுனை:

6 மாதத்தைப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கோ. முதல் 3 மாதம் பழகிறது, பிளவுஸ், சீருடை, திருத்தம் மட்டும். பிந்தின 3 மாதம் காசுக்கு வாற உண்மையான ஓடர்களைப் பயிற்றுநர் பக்கத்தில நிக்கேக்கயே தைக்கிறது. பிழை விட்டால் திருத்த அவ இருப்பா, பயிற்சி முடியேக்க ஆளுக்குப் பத்து வாடிக்கையாவது கையில இருக்கும். அதை ஒத்துக்கொண்டினம் எண்டால் மெசின் வகை, ஓவர்லொக் எல்லாம் பிறகு பேசலாம்.

பனங்கூடல்:

தூள்காரர் 6 பேருக்கும் இதே மாதிரிக் கேளுங்கோ. முதல் தொகுதி 5 கிலோவுக்கு மேல வேண்டாம், 100 கிராம் பைக்கற்றா அடிச்சுக் கொடிகாமம் சந்தையில குடுத்துப் பாருங்கோ. ஒவ்வொரு தொகுதியிலயும் சில பைக்கற்றை விக்காமல் திகதி எழுதி வையுங்கோ. மாதம் ஒண்டைத் திறந்து மணமும் நிறமும் பாத்தால்தான் காலாவதித் திகதி என்ன போடலாம் எண்டு தெரியும். மற்றவையின்ர சிட்டையைப் பாத்து எழுதாதேங்கோ. மழைக்காலம் தொடங்க முன்னம் இந்தச் சோதனையைத் தொடங்கினால் நல்லம்.